ஒரு பந்தும் அறுபது பிள்ளைகளும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி எப்படி வந்தது, எப்படி மாறியது என்று யாராவது எழுதப் புறப்பட்டால், முதலில் அரசாணைகளைத் தேடிப் போக வேண்டாம் என்பேன். விளையாட்டுச் சாமான் அறையில் பூச்சி அரித்துக் கிடக்கும் இருப்புப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். 1971-ல் தஞ்சை மாவட்டத்தில் பழைய போர்டு ஹைஸ்கூல் ஒன்றில் பி.இ.டி.யாக, அதாவது உடற்கல்வி ஆசிரியராக, நான் சேர்ந்தபோது, ஓய்வுபெற்றுப் போகிற பெரியவர் சாவிக்கொத்தோடு அந்தப் பதிவேட்டையும் கையில் கொடுத்தார். முதல் பக்கங்கள் தொட்டு எழுதும் பேனாவில், நீல மசியில் எழுதியவை. மர டம்பெல்ஸ் நாற்பது ஜோடி. கர்லா கட்டை நாற்பது ஜோடி. வாண்ட் கம்பு எண்பது. லெசிம் முப்பது. பல பக்கம் தள்ளித்தான் முதல் பந்து வருகிறது: வாலிபால் ஒன்று, பிளாடர் இரண்டு, வலை ஒன்று.

நாற்பது, எண்பது என்று வந்துகொண்டிருந்த எண்கள், பந்து வந்த பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று சுருங்கிவிடுகின்றன. அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் விசில் ஊதிய பிறகு சொல்கிறேன்: இருபதாம் நூற்றாண்டில் நம் பள்ளிக்கூட உடற்பயிற்சியின் கதை முழுவதும் அந்த எண்களில் இருக்கிறது. வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் கையில் எடுத்த சாமான் போய், ஒன்றை நடுவில் போட்டு மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிற சாமான் வந்தது.

டிரில் இங்கே பட்டாளத்தோடு வந்தது. 1882-ல் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன், பிள்ளைகளின் உடல் வளர்ச்சிக்கு நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், பள்ளி டிரில் எல்லாவற்றையும் ஊக்குவிக்க வேண்டும் என்று சொல்லிற்று. அதில் செலவில்லாமல் நடத்தக்கூடியது டிரில் ஒன்றுதான். அதற்கு ஆள் தேடவும் கஷ்டம் இல்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய ஹவில்தாரும் நாயக்கும் எல்லாத் தாலுக்காவிலும் இருந்தார்கள். படிப்பு அதிகம் வேண்டாம், தொண்டை வேண்டும். சம்பளப் பட்டியலில் அவருக்குக் கடைசி வரி. வாத்தியார்கள் அறையில் அவருக்கு நாற்காலி போடலாமா என்பதே பல பள்ளிகளில் ஒரு பிரச்சினையாக இருந்ததாகப் பெரியவர் சொல்வார்.

பெரியவர் என்று நான் சொல்கிறவர் இரண்டு காலத்தையும் பார்த்தவர். இருபதுகளில் பையனாக இருந்தபோது அவருக்கு டிரில் சொல்லிக் கொடுத்தவர், முதல் உலகப் போரில் மெசபடோமியா போய் வந்த சிப்பாய். ஆணை எல்லாம் இங்கிலீஷில். கிராமத்துப் பிள்ளைகளுக்கு லெஃப்ட் எது, ரைட் எது என்று பிடிபடாது. ஒரு காலில் பனை ஓலைத் துண்டு, மறு காலில் கிழிந்த சீலைத் துணி கட்டிவிட்டு, “ஓலைக்கால், சீலைக்கால்” என்று கத்தி நடக்க வைப்பாராம். இதை நான் வேறு ஊர்க்காரர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊருக்கு ஊர் கதையில் ஆள் மாறுவார், ஓலையும் சீலையும் மாறுவதில்லை.

அந்த வகுப்பில் விளையாட்டு என்று எதுவும் கிடையாது. வரிசையில் நில், எண்ணு, கையைத் தூக்கு, இறக்கு, குனி, நிமிர். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு பயிற்சி. சொன்னதைச் செய்கிற உடம்பு சர்க்காருக்கு வேண்டியிருந்தது; கச்சேரியில் குமாஸ்தாவாகவோ பட்டாளத்தில் சிப்பாயாகவோ போகப்போகிறவனுக்கு அதற்கு மேல் என்ன? இப்படித்தான் எங்கள் தலைமுறை டிரில்லைப் பார்த்தது, கேலியும் செய்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த வரிசையில் நோஞ்சான் பையனும் நின்றான், குண்டுப் பையனும் நின்றான், திக்குவாய்க்காரனும் நின்றான். “நீ ஓரமா உட்காரு” என்று யாரையும் சொல்லவில்லை.

கர்லா கட்டைக்கு ஒரு தனிக் கதை உண்டு. நம் ஊர் பயில்வான்கள் மண் கொட்டகையில் சுழற்றிய கட்டை அது. இங்கே வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதைப் பார்த்துப் பழகி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1834-ல் லண்டனில் டொனால்ட் வாக்கர் என்பவர் எழுதிய உடற்பயிற்சிப் புத்தகத்திலேயே அது இடம்பிடித்துவிட்டது. அங்கிருந்து அமெரிக்கா போய், பளபளவென்று வார்னிஷ் அடித்து, எடை குறைந்து, சீமாட்டிகளும் சுழற்றுகிற சாமானாகி, 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் பதக்கப் போட்டியாகவே நடந்தது. அப்புறம் திரும்பி வந்து நம் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் ஏறியது. எங்கள் பள்ளியில் இருந்த நாற்பது ஜோடியைப் பயில்வான் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அவர் சுழற்றும் கட்டையில் கால்வாசி கனம்கூட இருக்காது.

இனி பக். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர், 1919-ல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டே, 1920-ல், ஐந்து மாணவர்களோடு உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பின்னால் சைதாப்பேட்டை பக்கம், அடையாற்றங்கரையில் நந்தனத்தில் இன்றும் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. இந்தியாவிலேயே இந்தத் துறைக்கு முதல் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு பக்தான் மேலாளர். 1943-ல் சாகும் வரை இங்கேயே இருந்தார்.

ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பெயரைச் சும்மா சொல்லவில்லை. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அந்தக் கல்லூரியில். அங்கே படித்த வில்லியம் மோர்கன், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் 1895-ல் வாலிபாலைக் கண்டுபிடித்தார். கூடைப்பந்து ஆட மூச்சு வாங்குகிற நடுத்தர வயது வியாபாரிகளுக்காக. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கோயில் திடலிலோ ஏரிக்கரையிலோ இரண்டு கம்பமும் ஒரு வலையும் நிற்கிறதே, அது ஹோலியோக் வியாபாரிகளின் தொப்பைக்காகக் கண்டுபிடித்தது என்று நான் பசங்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சைதாப்பேட்டை, சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்றவர்கள் மூலம் ஜில்லா ஜில்லாவாகப் போர்டு பள்ளிகள், அங்கே படித்துவிட்டு வெளியே வந்த பையன்கள் மூலம் ஊர்த் திடல். ஆட்டம் வந்த வழி இதுதான்.

எங்கள் பெரியவர் முப்பதுகளின் நடுவில் பக்கிடம் பயிற்சி பெற்றவர். “தம்பி, அதுவரைக்கும் டிரில் மாஸ்டர் கையில பிரம்பு இருக்கும். துரை எங்க கையில விசிலைக் கொடுத்தார்” என்பார். அது பெரிய மாற்றம்தான். ஆட்டத்துக்கு விதி உண்டு. விதி வாத்தியாருக்கும் பொருந்தும். நடுவர் தப்பாக ஊதினால் பையன் முறையிடலாம். டிரில்லில் முறையீடு என்ற பேச்சே கிடையாது. விளையாட்டு விதிகளைத் தொகுத்து பக் புத்தகமாகப் போட்டார். அந்தப் புத்தகத்தின் பல பதிப்புகள் கைமாறி, அட்டை கிழிந்து, எங்கள் பள்ளிக்கும் வந்து சேர்ந்திருந்தன. எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும், ஆட்டத்தின் வழியாகக் குணம் வளர வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதில் நான் குற்றம் காண மாட்டேன். அந்த எண்ணத்துக்கு எத்தனை பந்து வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

பந்து என்றால் இன்றைக்கு நினைக்கிற பந்து இல்லை. தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர், அதிலிருந்து ஒரு குழாய் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிள் பம்பில் காற்றடித்து, குழாயை மடக்கி, சணல் நூலால் இறுக்கிக் கட்டி, தோலுக்கு அடியில் தள்ளி, அதற்கென்று உள்ள ஊசியால் லேஸ் கோத்துத் தைக்க வேண்டும். முடிச்சு வெளியே துருத்தினால் பந்து கோணலாகப் பறக்கும், பையன் மணிக்கட்டும் வீங்கும். மழையில் நனைந்தால் கனம் கூடி, மறுநாள் காய்ந்து விறைத்துவிடும். விளக்கெண்ணெய் தடவி வைப்போம். பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடையில் ஒட்டுப் போடுவோம். ஒரு பந்து இரண்டு வருஷம் வர வேண்டும். பிள்ளைகளிடம் வாங்கிய கேம்ஸ் ஃபீஸில் அதற்கு மேல் கட்டுப்படி ஆகாது. அப்படிப்பட்ட பந்தை அறுபது பேர் நடுவில் எறிந்துவிட்டு, எல்லோரும் ஆடுங்கள் என்று எப்படிச் சொல்வது? நன்றாக ஆடுகிறவன் கையில்தான் கொடுக்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வாலிபால் ஆசியாவுக்குப் புதிதாக வந்தபோது இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருந்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1913-ல் மணிலாவில் நடந்த தூரக்கிழக்கு விளையாட்டுப் போட்டியில் ஒரு பக்கத்துக்கு 16 பேர் ஆடினார்கள். பிறகு 12 ஆகி, 9 ஆகியது. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில்கூட ஒன்பது பேர் ஆட்டமும் ஆறு பேர் ஆட்டமும் தனித்தனியாக நடந்தன. கடைசியில் உலகம் முழுதும் ஆறு என்று முடிவாயிற்று. அது தேர்ந்த ஆட்டக்காரனுக்கு நல்லது. எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு நல்லதில்லை.

தஞ்சைச் சீமை என்றால் பூப்பந்தைச் சொல்லாமல் விட முடியாது. மஞ்சள் கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டருக்கு 12 மீட்டர் கோர்ட். தஞ்சாவூரில் பிறந்து, வாத்தியார்கள், கிளார்க்குகள், மிராசுதார்கள் எல்லாம் சாயங்காலத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிய ஆட்டம். 1954-ல் அகில இந்தியச் சம்மேளனம் அமைந்தது. காற்று அடித்தால் இறகுப்பந்து ஆட முடியாது. கம்பளிப் பந்து காற்றைக் கொஞ்சம் தாங்கும். இண்டோர் மண்டபம் இல்லாத பள்ளிக்கு இதைவிடத் தோதான ஆட்டம் கிடையாது.

சடுகுடு பள்ளிக்குள் வந்தது வேறு மாதிரி. அது காம்பவுண்டுக்கு வெளியே, நிலா வெளிச்சத்தில், ஆற்று மணலில் ஆடிய ஆட்டம். பம்பாய் மாகாணத்திலும் பரோடாவிலும் விதி எழுதி அச்சடித்து, 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதிக் குழு ஆடிக் காட்டி, 1950-ல் அகில இந்தியக் கூட்டமைப்பு அமைந்த பிறகுதான் அது சுண்ணாம்புக் கோட்டுக்குள் மரியாதையாக உள்ளே வந்தது. இதில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். வாலிபாலில் நடுவே வலை உண்டு. எதிராளியைத் தொடவே வேண்டாம். சடுகுடுவில் தொடாமல் ஆட முடியாது. காலைப் பிடிக்க வேண்டும், இடுப்பைக் கட்ட வேண்டும், மேலே விழுந்து அமுக்க வேண்டும். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் அக்கிரகாரத்து, பெரிய தெருப் பையன்களின் அப்பாக்கள் சிலர் வந்து, “எங்க பையனைப் பேட்மிண்டன்ல போடுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை. அதே பையன்களில் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் சடுகுடு டீமில் ஆடினார்கள்; சட்டைக் கிழிசலுக்கு வீட்டில் என்ன பொய் சொன்னார்களோ.

சுதந்திரம் வந்ததும் புதுச் சர்க்காருக்குப் பிள்ளைகளின் உடம்பு மேல் அக்கறையும் வந்தது, பயமும் வந்தது. அக்கறைக்கு உதாரணம், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-ல் இருந்த இடைநிலைக் கல்விக் கமிஷன். அது சொன்ன பரிந்துரைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: 40 வயதுக்குட்பட்ட ஆசிரியர்கள் எல்லோரும் மாணவர்களோடு சேர்ந்து உடற்பயிற்சியில், விளையாட்டில் பங்கெடுக்க வேண்டும். கணக்கு வாத்தியாரும், தமிழ் ஐயாவும், சயின்ஸ் டீச்சரும். நான் வேலை பார்த்த பள்ளிகளில் இதை யாரும் அமல்படுத்திப் பார்த்ததில்லை. ஆசிரியர் தினத்தன்று கயிறு இழுப்பதோடு சரி.

ஆனால் உடற்பயிற்சிக்கு அந்தக் காலத்தில் நடந்த பெரிய உதவி உடற்பயிற்சித் துறையிலிருந்து வரவில்லை. 1956-லிருந்து காமராஜர் ஆட்சியில் மதிய உணவு பரவியது. அதற்கு முன்னால், பத்து மணி வெயிலில் டிரில்லுக்கு நிற்க வைத்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது மயங்கி விழுவார்கள் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். வெல்லமும் தண்ணீரும் அறையில் தயாராக வைத்திருப்பாராம். சாப்பிடாத பிள்ளையைக் குனிந்து நிமிரச் சொல்வது பாவம் என்று அவர் நேராகவே சொல்வார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு 1984-ல் பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் வரை நீண்டபோது அதன் பலனை நானே பார்த்தேன். மாலைப் பயிற்சிக்கு நிற்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. எந்த விளையாட்டுத் திட்டமும் அதைச் செய்ததில்லை.

பயத்தின் கதை இப்படிப் போகிறது. பிரிவினைக்குப் பிறகு அகதிப் பிள்ளைகள் கட்டுப்பாடில்லாமல் போய்விடக் கூடாது என்று, ஐ.என்.ஏ.யில் இருந்த ஜே.கே. போன்ஸ்லே 1954-ல் டெல்லியில் தேசிய ஒழுங்குத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார். இன்னொரு பக்கம் 1948-லிருந்து என்.சி.சி. அதற்குத் துணையாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏ.சி.சி. ஒரே கிரவுண்டில் பி.இ.டி. ஒருவர், ஒழுங்குத் திட்டக்காரர் ஒருவர், என்.சி.சி. ஆபீசர் ஒருவர் என்று மூன்று பேர் மூன்று விசில் ஊதிய காலம் அது. குன்ஸ்ரு கமிட்டி இதையெல்லாம் ஒன்றாக்கச் சொல்லி, 1965-ல் தேசிய உடல்தகுதிப் படை என்று ஒன்றாக்கினார்கள். நடுவில் 1959-60-ல் உடல்திறன் தேர்வு ஒன்று வந்தது. ஓட்டம், தாண்டல், குண்டெறிதல் என்று எல்லாவற்றிலும் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் என்று பேட்ஜ். அந்தத் தேர்வு எனக்குப் பிடித்தது. பக்கத்திலிருப்பவனை ஜெயிக்க வேண்டாம். கோட்டைத் தொட்டால் போதும். அதுவும் நிலைக்கவில்லை.

சீனப் போருக்குப் பிறகு மறுபடி பட்டாளம்தான். நான் ஹைஸ்கூலில் என்.சி.சி. ஜூனியர் டிவிஷனில் இருந்தேன். ஆணைகள் இந்தியில்: சாவ்தான், விஷ்ராம், தாயே முட். ஆணை இந்தியில், திட்டு தமிழில். 1965 ஜனவரியில் மாநிலமே இந்தி எதிர்ப்பில் கொதித்தபோது, அந்த வாரம் பரேடுக்கு வந்த பையன்களை விரல்விட்டு எண்ணலாம். 1968 ஜனவரி 23 அன்று அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தில், என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்பதும் ஒரு பகுதி. ஓலைக்கால் சீலைக்காலில் ஆரம்பித்த விவகாரம் சட்டமன்றம் வரை போய்விட்டது என்று பெரியவர் சிரிப்பார்.

அந்த வருஷம்தான் நான் சைதாப்பேட்டைக்குப் பயிற்சிக்குப் போனேன். பக் போய்க் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் மரங்களும் மைதானங்களும் அவர் காலத்தவை. அங்கே கற்றதில் கடைசி வரை சோறு போட்டது டிராக் போடுகிற வித்தை. கஜக் கணக்கு போய் மீட்டர் வந்திருந்த சமயம். 440 கஜ ஓட்டம் 400 மீட்டர் ஆகியிருந்தது. நம் பள்ளிகளில் எங்கே 400 மீட்டருக்கு இடம்? 200 மீட்டர் டிராக்தான். நேர் ஓட்டம் இரண்டு பக்கமும் 40 மீட்டர். மீதி 120 மீட்டர் இரண்டு வளைவிலும் சேர்ந்து வர வேண்டும். வட்டத்தின் ஆரம் 19.10 மீட்டர். ஆனால் ஓடுகிறவன் உள்கோட்டின் மேலேயே ஓட மாட்டான், 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவான். ஆகவே முளையடித்துக் கயிறு பிடிக்கும்போது 18.80. மூலைக்குச் செங்குத்து வேண்டுமென்றால் மூன்று, நான்கு, ஐந்து என்று கயிறு பிடித்து முக்கோணம் போட வேண்டும். கொத்தனாருக்கும் இதே கணக்குதான். லேன் அகலம் 1.22. ஒரு சுற்று ஓட்டத்துக்கு இரண்டாவது லேன்காரன் 7.04 மீட்டர் முன்னால் நிற்பான், அதற்கடுத்த ஒவ்வொருவனும் 7.67. ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின நாள் சுண்ணாம்பு வாளியும் ஓட்டை போட்ட டால்டா டின்னுமாகக் கிரவுண்டைச் சுற்றி வருகையில், கணக்கு வாத்தியார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் இருவருக்கும் பொதுவான விஷயம் அது ஒன்றுதான்.

ஆனால் பள்ளியில் என்னை எதற்கு வைத்திருந்தார்கள் என்று கேட்டால், டிராக் போட இல்லை. காலை வழிபாட்டில் வரிசை நிறுத்த, தாமதமாக வருகிறவனைப் பிடிக்க, சினிமாவுக்குப் போனவனைக் கண்டுபிடிக்க, முடி வெட்டாதவனை அனுப்ப. விசிலைக் கொடுத்த பக், பிரம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகவில்லை. தலைமையாசிரியருக்கு நான் போலீஸ். அந்த வேலையை நான் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அதில் ஒரு மரியாதை இருந்தது. நாற்காலி கிடைக்காத டிரில் மாஸ்டரின் வாரிசுக்கு மரியாதை எந்த வழியில் வந்தாலும் தேவைப்பட்டது.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பதிவேட்டில் நெடுங்காலம் எதுவுமே இல்லை. பெண்கள் பள்ளியில் கும்மி, கோலாட்டம், வளையப்பந்து, எறிபந்து. ஆண், பெண் சேர்ந்து படிக்கிற எங்கள் பள்ளியில் விளையாட்டு பீரியடில் அவர்கள் வேப்பமரத்தடியில் தையல். எழுபதுகளில் ஓட வந்த ஒன்றிரண்டு பேரும் தாவணியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்கள். 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். 1986-ல் சியோலில் நான்கு தங்கம். அந்த இரண்டு வருஷத்துக்குள் எங்கள் ஊர்ப் பெண்கள் தாமாகவே வந்து, “நாங்களும் ஓடலாமா சார்?” என்று கேட்டார்கள். எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் நடந்த மாற்றம் இது. வீட்டில் அம்மாக்கள் தடுத்தார்கள், அப்பாக்கள் பேப்பரில் படத்தைக் காட்டிச் சமாதானம் செய்தார்கள். வழக்கத்துக்குத் தலைகீழ்.

அதே காலத்தில்தான் மைதானம் சுருங்கவும் ஆரம்பித்தது. 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தது. கல்லூரியில் இருந்த பி.யு.சி. போய், பிளஸ் ஒன், பிளஸ் டூ நம் பள்ளிக்கு வந்தன. நல்ல காரியம், கிராமத்துப் பிள்ளை ஊரிலேயே மேலே படிக்க முடிந்தது. ஆனால் அதற்கு லேப் வேண்டும், வகுப்பறை வேண்டும். காலியாகத் தெரிகிற இடம் எது? எங்கள் லாங் ஜம்ப் குழி மேல்தான் கெமிஸ்ட்ரி லேப் நிற்கிறது. பிறகு தொழிற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு, சுயநிதி இன்ஜினியரிங் கல்லூரிகள், மார்க். பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் கால அட்டவணையில் பி.டி. பீரியட் இருக்கும், தை மாதம் பிறந்தால் அது கணக்கு வாத்தியாருடையது. “ஒரு பீரியட் கொடுங்க சார், போர்ஷன் முடியலை” என்பார். நானும் கொடுத்துவிடுவேன்.

மேலிருந்து வந்த பேச்சும் மாறியது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு யாரும் உடம்பு என்று பேசவில்லை, குணம் என்றும் பேசவில்லை; பதக்கம் என்றார்கள். விளையாட்டு விடுதிகள் வந்தன. 1992-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வந்தது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள்; குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டு. பள்ளிக்கு மதிப்பு அங்கே வாங்குகிற ஷீல்டில். எங்கள் பள்ளியும் வாங்கியது. அலமாரியில் வைக்க இடமில்லாத அளவுக்கு வாங்கிய வருஷங்களில், ஆயிரத்துக்கு மேல் படித்த பிள்ளைகளில் என் கையால் உருப்படியாகப் பயிற்சி பெற்றவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் ஓய்வுபெற்றபோது வாசித்தளித்த பாராட்டுப் பத்திரத்தில் ஷீல்டுகளின் எண்ணிக்கை இருந்தது. அந்த மற்றவர்களின் எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை.

2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. பகுதிநேரம் என்று சட்டமே சொல்லிவிட்டது. 2012-ல் தமிழ்நாட்டில் இப்படி 16,549 பேரைச் சேர்த்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கும் அதில் வேலை கிடைத்தது. என்னிடம் படித்தவன், வாலிபாலில் ஸ்டேட் ஆடியவன். “மூணு அரை நாள்ல ஆறு செக்‌ஷனையும் எப்படி சார் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போறது? பந்தும் ரெண்டுதான் இருக்கு” என்று வந்து நின்றான்.

“டிரில் எடு” என்றேன்.

அவனுக்கு டிரில் தெரியவில்லை. அவன் படித்த கல்லூரியில் பயோமெக்கானிக்ஸ் இருந்தது, விளையாட்டு உளவியல் இருந்தது. “பழசாச்சே சார், சி.இ.ஓ. பார்த்தா சிரிப்பாரே” என்றான். சிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பெரியவரிடம் நான் கற்ற எட்டு எண்ணிக்கைப் பயிற்சிகளை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். திண்ணையில் நின்று ஒவ்வொன்றாகச் செய்தும் காட்டினேன். குனிவது மட்டும் முழங்கால் வரைதான் முடிந்தது. மீதியைப் படமாக வரைந்து கொடுத்தேன்.